இரண்டாவது ஸ்கேனில் சுருங்கிய சிவப்பு

மூளை ஸ்கேனில் வரும் சிவப்புத் திட்டைப் பரீட்சை மார்க் என்றுதான் நான் நம்பினேன். பெரிதாக இருந்தால் பாஸ், சிறிதாக இருந்தால் ஃபெயில். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு கேப் அனுப்பும் வேலையில், நாள் முழுக்க டிரைவர்களிடம் மூன்று மொழியில் கத்திப் பிழைக்கும் ஐம்பத்தொரு வயதுக்காரன் இப்படி நம்பினேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு இடப்பக்க மூளையில் ஒரு கட்டி. எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பேச்சுக்கான இடம் பக்கத்திலேயே இருக்கலாம். கத்தி அங்கே பட்டால் பேச்சு போய்விடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன். குழாய்க்குள் படுத்து, கண்ணெதிரே ஓர் எழுத்து வந்ததும் அதில் தொடங்கும் சொற்களை வாய் திறக்காமல் நினைக்க வேண்டும். அப்போது வேலை செய்யும் பகுதி படத்தில் சிவப்பாகத் தெரியும்.

“ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தரம் எடுப்போம் சார்,” என்றார் டாக்டரம்மா, முதல் ஸ்கேன் முடிந்ததும். “ஒரே தரம் வந்ததை நான் நம்பறதில்ல.”

எழுத்துகள் அதேதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகென்ன, எனக்குத் தெரிந்த ஒரே வழி: மனப்பாடம். மர்பி டவுன் வீட்டில் சமையலறை வாசலில் நின்று ஒப்பிப்பேன். மனைவி தோசைக் கரண்டியோடு கேள்வி கேட்பாள்.

“க சொல்லுங்க.”

“கத்தரிக்கா, கடப்பாரை, கண்டக்டர், கம்பளி, கழுதை.”

“கழுதையை நேத்து மூணாவதா சொன்னீங்க. வரிசை மாறக் கூடாது.”

இரண்டாவது ஸ்கேனில் மனசுக்குள் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டு, மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவன் மாதிரி எழுந்து வந்தேன். டாக்டரம்மா இரண்டு படங்களையும் அருகருகே வைத்திருந்தார். முதலாவதில் வடை மாதிரி இருந்த சிவப்பு, இரண்டாவதில் பொட்டு மாதிரி இருந்தது.

அவர் வாய் திறக்குமுன் ரிசல்ட்டை நானே அறிவித்துக்கொண்டேன்: ஒரே வாரத்தில் கட்டி என் பேச்சில் பாதியைத் தின்றுவிட்டது. அங்கேயே சோதித்துப் பார்த்தேன். சுவரில் இருப்பது காலண்டர். சரி. அதற்குப் பக்கத்தில் இருந்ததன் பெயர் வரவில்லை. வியர்த்துவிட்டது. அது ஏதோ ஏசி சாமான். அதன் பெயர் அந்த அறையில் யாருக்குமே தெரியாது என்பது பிறகுதான் விளங்கியது.

“பாதி போச்சும்மா,” என்றேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம்.

“மிச்ச பாதியே எங்களுக்கு அதிகம்,” என்றாள். ஆனால் அவள் என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு தரமும் ஒரே அளவு வராது சார். தூக்கம், காபி, கவனம், எல்லாத்துக்கும் கூடும், குறையும். ஆனா இவ்வளவு குறைஞ்சிருக்கே. நடுவுல எதாச்சும் பண்ணீங்களா?”

நான் காலண்டரைப் பார்த்தேன்.

“மனப்பாடம் பண்ணாரு மேடம். நான்தான் கேள்வி கேட்டேன்,” என்றாள் மனைவி.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு விளக்கினார். தேடிப் பிடிக்கும் சொல்லுக்கு மூளை நிறைய உழைக்கும். பழகிய வரிசைக்குக் கொஞ்சம் போதும். கட்டி எதையும் தின்னவில்லை. “அளவை விடுங்க சார். ரெண்டுலயும் எது மாறாம இருக்கோ, அதைத்தான் நான் பாப்பேன்,” என்று பென்சிலால் காட்டினார். பொட்டு, வடையின் நடுவிலேயே இருந்தது.

“புது எழுத்து தரேன். இன்னொரு தரம் எடுப்போம். வீட்டுக்குப் போய் எதையும் படிக்காதீங்க.”

வெளியே அத்தனை பேர் காத்திருக்க, ஓர் அசட்டு மாணவனுக்காக மூன்றாவது முறையும் நேரம் ஒதுக்கிய அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் கை தானாகக் குவிகிறது. அசையாதீர்கள் என்று டெக்னீஷியன் கன்னடத்தில் சொன்ன “அல்லாட்பேடி சார்” கூட அன்று தாலாட்டு மாதிரி கேட்டது.

மூன்றாவது படம் முதலாவதைப் போலவும் இல்லை, இரண்டாவதைப் போலவும் இல்லை. மூன்றிலும் மாறாமல் இருந்தது அந்த ஒரே இடம், கட்டிக்குச் சற்றுத் தள்ளி. ஆபரேஷன் நடுவில் என்னை எழுப்பி, பேசவைத்து, அந்த இடத்தை மறுபடி சரிபார்த்தார்கள். கட்டியை எடுத்தார்கள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.