ஆண் என்று வந்த என் முடிவு

செங்கல்பட்டில் நான் பெருக்கித் துடைத்த ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை செய்யும் ஒரு அம்மா இருந்தார். ஒல்லி உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. சோதனைக் குழாயைத் திறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். கோவளம் கரையில் ஒதுங்கிய எலும்பு ஆணா பெண்ணா என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குமுன் சோதனை சரிதானா என்று பார்க்க, என் கன்னத்துக்குள் பஞ்சால் தடவி எடுத்தார்.

முடிவு ஆண் என்று வந்தது.

"இன்னா ஆயா, மீசைய எங்க வச்சிகினு கீற?" என்று அட்டெண்டர் சிரித்தார்.

அந்த மீசை அவருடையதுதான். கையுறை போடாமல் என் குழாயின் மூடியைத் திறந்ததில், அவர் தோல் துகள் உள்ளே விழுந்திருக்கிறது. அம்மா ஒரு மாத வேலையையும் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினார்.

"எதுக்கும்மா? நான் பொம்பளதானே?" என்றேன் கூச்சத்தோடு.

"தப்புன்னு நீங்க சொல்லிட்டீங்க ஆயா. அந்த எலும்பு சொல்லாதே."

அடுத்த முறை பெண் என்று வந்தது. மூன்று பிள்ளை பெற்றவள் நான். ஆனாலும் பரீட்சையில் தேறியது போல் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே பெருக்கினேன்.