ரிவர்ஸ் பெட்டி சொன்னதும் சொல்லாததும்

அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, கழுத்து திரும்பாமல் போன வருடம் நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. காரைக்குடி வாடகைக் கார் ஸ்டாண்டில் அத்தாவின் டீசல் அம்பாசிடர் நின்றது. அதற்கு முன் பல வருடம் லாரி ஓட்டியவர். எலும்புத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிக் கழுத்துப் பட்டை கொடுத்தார். அத்தா வீட்டில் அதைப் போட்டுக்கொள்வார், ஸ்டாண்ட் வரும் முன் கழற்றிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவார். பட்டை போட்ட டிரைவரின் வண்டியில் யார் ஏறுவார்கள் என்பது அவர் கேள்வி.

முன்னால் போவதற்குக் கழுத்து வேண்டியதில்லை. பின்னால் வரத்தான் வேண்டும். பிள்ளையார்பட்டியில் ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியை இடித்தார். பழக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததால் பழங்கள் மட்டும் உருண்டன. அம்மாவுக்கு அந்த 'மட்டும்' போதவில்லை. வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றார். கேட்டு வந்த ஆளும் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மாமு, அம்மாவின் தம்பி, லீவில் வந்தார். சென்ட், துணி, தைலம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பொத்தான் அளவில் இரண்டு கறுப்புக் கண்கள், நீள ஒயர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. கண்களைப் பின் பம்பரில் பொருத்த வேண்டும். டப்பாவை உள்ளே டிரைவர் பக்கத்தில் வைக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டதும் கண்கள் ஒலியை அனுப்பும். அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால் டப்பா பீப் பீப் என்று கத்தும். கிட்டே போகப் போக வேகமாகக் கத்தும். மிகக் கிட்டே போனால் விடாமல் கத்தும்.

"கழுத்துக்குப் பதிலா இது பாக்கும் அக்கா" என்றார் மாமு.

"நீ பாத்தியா, இது பாத்ததை?" என்று அம்மா கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சதுர்த்திக்கு முந்துன வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிறேன். இதை நம்பி உங்கத்தா வண்டி ஓட்டலாமா, வேணாமா? படிச்சவ நீதான், நீயே சொல்லு."

எங்கள் வீட்டு வருமானம் பெருநாளைவிடப் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தியை நம்பித்தான் இருந்தது. எனக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

முதல் நாளே குழம்பியது. மெக்கானிக் பம்பருக்குக் கீழே தகடு வைத்துக் கண்களை மாட்டினார். நான் ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் ஒயரிலிருந்து கரண்ட் எடுத்தேன். கியர் போட்டதும் டப்பா விடாமல் கத்தியது. பின்னால் ஒன்றுமே இல்லை. ஒயரைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். கத்தியது. மழை பெய்ததால் இருக்குமோ என்று துடைத்தேன். கத்தியது. இரண்டாம் நாள்தான் புரிந்தது, கண்கள் கீழே சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாஷர் வைத்துக் கொஞ்சம் மேலே நிமிர்த்தினேன். சத்தம் நின்றது. அப்படி நிமிர்த்தியதால் எதை இழந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஸ்டாண்டில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கார்கள் பின்னால் வரும்போது பாட்டுப் போடும். இது பாடவில்லை என்பதில் அத்தாவின் பக்கத்து வண்டி டிரைவருக்கு ஏமாற்றம்.

"என்ன பாய், சிங்கப்பூர்லருந்து வந்தும் பாட்டு இல்லையா?"

"பாட்டு வெளிய நிக்கிறவுகளுக்கு. இது உள்ள இருக்கிறவனுக்கு" என்றார் அத்தா, நான் சொல்லிக்கொடுத்தபடி.

"அப்ப வெளிய நிக்கிற எங்களுக்கு யாரு பாய் சொல்லுவா?"

நியாயமான கேள்வி. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தெருவுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சோதனை வைத்தேன். சாயங்காலம் அத்தா அஸர் தொழுதுவிட்டு வந்ததும் தொடங்குவோம். நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் பொருள். இரண்டாவதில் டப்பா கத்தியதா இல்லையா. மூன்றாவதில் அத்தா எவ்வளவு தூரத்தில் நிறுத்தினார் என்பது. தூரத்தை அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். அத்தாவிடம் ஒரே ஒரு விதி சொன்னேன், "சத்தம் வேகமானா நிறுத்துங்க." நான் வண்டியின் வலது பின்பக்கம் தள்ளி நின்று எழுதினேன்.

பிரியாணி அண்டாவை டப்பா நன்றாகப் பார்த்தது. நிமிர்த்தி வைத்த பலகையையும் பார்த்தது. அதே பலகையைச் சாய்த்து வைத்தால் பார்க்கவில்லை. பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினேன், வண்டி கிட்டே வந்து நின்ற பிறகும் பேசவில்லை. கொடியில் தொங்கிய புடவையை ஒருநாள் பார்த்தது, மறுநாள் பார்க்கவில்லை. மண்ணில் நட்ட ஒற்றைக் கம்பியை நடுவில் வைத்தால் ஒரு மாதிரி, ஓரத்தில் வைத்தால் வேறு மாதிரி. முழங்காலுக்குக் கீழே இருந்த கருங்கல்லைத் தூரத்தில் பார்த்துவிட்டு, கிட்டே வந்ததும் மறந்துவிட்டது. கண்களை நிமிர்த்தியதற்கான விலை அது. அடுத்த வீட்டு ஆட்டையும் கட்டிப்பார்த்தேன். அது நோட்டின் ஓரத்தைத் தின்றதோடு சரி.

இதில் பாதிக்குக் காரணம் சொல்ல முடிந்தது. மெத்தை ஒலியைக் குடித்துவிடும். சாய்ந்த பலகை அதை வேறு பக்கம் அனுப்பிவிடும். எனக்குக் காரணம் தெரியாமல் போனது மூன்றாவது கட்டத்தில்.

அண்டாவுக்கு அத்தா நிறுத்திய தூரம் இரண்டடி. மெத்தைக்கும் இரண்டடி. டப்பா வாயே திறக்காத சாய்ந்த பலகைக்கும் இரண்டடி சொச்சம். சத்தமே இல்லாதபோது எதைக் கேட்டு நிறுத்தினார்? எனக்குத்தான் சத்தம் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. நோட்டோடு வலது பின் ஜன்னலை ஒட்டி நடந்தபடி காதைக் கொடுத்து ஒருமுறை பார்த்தேன். சத்தம் இல்லை, அத்தா நிறுத்தினார்.

"அத்தா, சத்தம் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன. நல்லாக் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலையே."

"எஞ்சின் சத்தத்துல உனக்கு எங்குட்டுக் கேக்கும்? எனக்குப் பழக்கம்."

மூன்று நாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயர் மாற்றினேன். பேட்டரி பார்த்தேன். இடம் மாற்றினேன். பெட்டியோடு வந்த காகிதத்தில் பாதி சீன எழுத்து, மீதி படம். டிப்ளமோவில் படித்தது எதுவும் உதவவில்லை. கருவி தவறு செய்தால் காரணம் தேடலாம். கருவி தவறு செய்தும் விடை சரியாக வந்தால் எங்கே போய்த் தேடுவது?

அம்மா சாப்பாடு போடும்போது கேட்டார். "என்ன ஆச்சு?"

"டப்பா பாதி நேரம் பாக்குது, பாதி நேரம் பாக்கல. ஆனா அத்தா எல்லா நேரமும் சரியா நிறுத்துறாக."

"அப்ப ஓட்டலாம்னு சொல்றியா?"

"தெரியலம்மா."

"இதுக்கா மூணு வருசம் படிச்சே?"

வெள்ளிக்கு முந்தின நாள் ஒரு குடும்பத்தைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. முன் சீட்டில் இடம் இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். பொட்டலில் கிடைக்காத விடை அங்கே கிடைக்கலாம் என்று ஒரு நினைப்பு. தரிசனம் முடித்து அவர்கள் வந்து ஏறியதும் அத்தா ரிவர்ஸ் கியர் போட்டார். டப்பா பீப் என்றது. பின் சீட்டில் தேங்காய்மூடிகளும் பேச்சும் நிறைந்திருந்தன. பீப் வேகமானது. அத்தா வலது கண்ணாடியைப் பார்த்தபடி வண்டியை விட்டுக்கொண்டே இருந்தார். டப்பா விடாமல் கத்தத் தொடங்கியது. அத்தாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அத்தா!" என்று அவர் கையைப் பிடித்தேன். பிரேக் போட்டார்.

"என்னம்மா?"

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பாய்! செருப்பு மேல வேணா ஏத்திக்கிருங்க, எம்மேல ஏத்தாதீக!"

கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவர். வெயில் மாறியதால் சாக்கை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நிழல் எங்கள் வண்டியுடையது. இறங்கிப் பார்த்தேன். பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. அதை எடுத்து வேறு பக்கம் வைத்துக்கொண்டே, "கியா கியான்னு கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துதுல்ல? எனக்கே கேக்குது" என்றார்.

அத்தா வண்டியை மெதுவாக முன்னால் எடுத்துத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கழற்றி ஒரு பேட்டரியில் இணைத்தேன். அத்தா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று டப்பாவைக் கத்த விட்டேன். அத்தா பக்கம் புரட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார், "அது என்னடி, குருவி எதுவும் உள்ள வந்துருச்சா?"

அத்தாவுக்குப் பேச்சு நன்றாகவே கேட்கும். நான் முணுமுணுத்தால்கூடக் கேட்கும். ஆனால் இந்தக் கீச்சுச் சத்தம், இந்த ஒரு சுருதிச் சத்தம், கேட்கவில்லை. வருடக்கணக்காக லாரி எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த காதில் முதலில் போவது அதுதான். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். "அப்ப பொட்டல்ல எதை வச்சு நிறுத்துனீக?"

அத்தா பேப்பரை மடித்தார். "கண்ணாடில நீ தெரியிற. நல்லா தூரம் இருந்தா எழுதிக்கிட்டு இருப்ப. கிட்ட வந்தா எழுதுறத நிப்பாட்டுவ. ரொம்பக் கிட்ட வந்தா நோட்ட நெஞ்சோட சேத்துப் பிடிப்ப."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? கழுத்துக்கு மேல காதும் போச்சும்ப. உங்கம்மா அன்னிக்கே சாவியக் கொடுத்துருவா."

இரண்டு வாரமாக நான் அளந்துகொண்டிருந்தது என்னை. எழுதி வைத்த இருபத்தேழு வரியும் என் முகத்தைப் பற்றியவை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு அத்தா போன பிறகு, டப்பாவை மறுபடி வண்டியில் மாட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு மாட்டினேன். கத்துகிறபோதெல்லாம் அது மினுக்கும். அதனால் அத்தாவின் காது சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மெத்தையும் சாய்ந்த பலகையும் கருங்கல்லும் அப்படியேதான் இருந்தன. பல்பு எரியாமல் இருந்தால் பின்னால் ஒன்றும் இல்லை என்று பொருள். பின்னால் இருப்பது பெட்டியின் கண்ணில் படவில்லை என்றும் பொருள். ஒயர் அறுந்துவிட்டது என்றும் பொருள். எது என்று பல்பு சொல்லாது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டார். "ஓட்டலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. அத்தா கையைத் துடைத்தபடி என்னைப் பார்க்காமல் இருந்தார். காதைப் பற்றி நான் சொல்லப்போகிறேனா என்பதுதான் அவர் கவலை. சொன்னேன். அம்மா அத்தாவைப் பார்த்தார். பிறகு மீதியையும் சொன்னேன். "பெட்டியை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ரிவர்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடி இறங்கி, வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, ஏறுன உடனே எடுக்கணும். அப்பறம் பல்பு மினுக்குனா நிக்கணும். மினுக்காட்டியும் மெதுவாத்தான் வரணும். அப்படின்னா ஓட்டலாம். முடியாதுன்னா குடுத்துரலாம்."

"இறங்கிப் பாக்குறதா? எல் போர்டு மாட்டுனவன் மாதிரியா?" என்றார் அத்தா.

"கொய்யாப்பழம் உருண்டதுக்கு அது பரவாயில்ல" என்றார் அம்மா. சாவி அத்தாவின் பையிலேயே இருந்தது.

சதுர்த்தி நாட்களில் நான் ஒருமுறை ஸ்டாண்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அத்தா வண்டியைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். பக்கத்து வண்டி டிரைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், "பிள்ளையாரச் சுத்தாத பாய் அம்பாசிடரச் சுத்துறாரு, பாத்துக்கங்கப்பா!"

"பிள்ளையாரு இருந்த எடத்துல இருக்காரு. நீதான்டா பின்னாடி வந்து வந்து நிக்கிற" என்றார் அத்தா. அவர்கள் சிரித்தார்கள். அத்தா ஏறி உட்கார்ந்தார். ஏறும் முன் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

அதுதான் என்னைக் குடைந்தது. நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு இறங்கினாரா? பொட்டலில் நடந்த மாதிரியே, நான் நிற்கும் இடத்தில் மட்டும் எல்லாம் சரியாக நடக்கிறதா? நான் நிற்காத இடத்தில் நடப்பதை நான் எப்படிச் சோதிப்பது? நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டுக் காலியாகவே வைத்திருந்தேன்.

கூட்டம் வடிந்த பிறகு பஸ் ஏறிப் பிள்ளையார்பட்டிக்குப் போனேன். செருப்புக் காவல் பெண் அதே சாக்கில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"எங்கத்தா ரிவர்ஸ் எடுக்குறப்ப இறங்கிப் பாக்குறாகளா?" என்று கேட்டேன்.

"பாக்குறாரு தாயி. ஒரு சுத்து. சில நாளு ரெண்டு சுத்து. எங்கிட்ட வந்து, கால இழுத்துக்கம்மான்னு சொல்லிட்டுத்தான் ஏறுறாரு."

"எப்பவுமா?"

"நா இருக்கிற அன்னிக்கெல்லாம்."

"நீங்க இல்லாத அன்னிக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நா இல்லாத அன்னிக்கு நடக்குறது எனக்கு எப்படித் தாயி தெரியும்?"

என் செருப்பை வாங்கிக்கொண்டு, மற்ற செருப்புகளோடு சேர்த்து வரிசையாக வைத்தார். நான் கோயிலுக்குள் போக வரவில்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. வெறுங்காலோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.