கழுத்துக்குக் கீழே ஒரு வீடியோ

அண்ணாகிராமத்தில் மச்சான் மகள் கல்யாணம் முடிந்த மறுவாரம், மச்சான் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். சீர்த்தட்டு வரிசைக்குப் பின்னால் பட்டு வேட்டியில் நான் மண்டபத்துக்குள் நடந்து வருகிறேன். வலது கை ஜாலியாக வீசுகிறது. இடது கை அசையவே இல்லை.

வேறு யாராவது பார்த்தால் என் தொப்பையைத்தான் பார்ப்பார்கள். நான் நரம்பியல் பேராசிரியர். கை நடுங்குவதும் நடை தடுமாறுவதும்தான் என் பிழைப்பு. பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் நடுக்கத்தோடுதான் வரவேண்டும் என்றில்லை, நடக்கும்போது ஒரு கை வீசாவிட்டாலே சந்தேகப்படு என்று சிதம்பரம் மருத்துவக் கல்லூரியில் வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மனதுக்குள் நோய் கண்டுபிடித்த மேதையான நான், இப்போது பாத்ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு நாள் இடது கை மெதுவாகத் தட்டியது. மறுநாள் வலது கை. போட்டி போட்டுக்கொண்டு பயமுறுத்தின.

கடலூரில் எங்கள் வீடு இருக்கும் செம்மண்டலம் தெருவில் நடந்து பார்த்தேன். கையைக் கவனித்துக்கொண்டே நடந்தால் கை சும்மா இருக்குமா? குடியரசு தின அணிவகுப்பு மாதிரி வீசியது. மனைவியிடம் சொன்னேன்: “நான் நடக்குறத எனக்குத் தெரியாம வீடியோ எடு.”

“எப்ப எடுக்கணும்?”

“அத எங்கிட்ட கேக்கக் கூடாது.”

“சரி, திரும்பிப் பாக்காம போங்க.”

பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

சக டாக்டரிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை தெரிந்துவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, அந்த வீடியோவை முதுநிலை மாணவர்களின் வகுப்பில் போட்டேன். “ஐம்பது தாண்டியவர். என்ன தெரியுது, சொல்லுங்க.”

முன்வரிசைப் பையன் உடனே எழுந்தான். “இடது கை வீசல சார். ஆரம்பக் கட்ட நடுக்குவாதம்.” என் பாடத்தை அவன் அவ்வளவு நன்றாகப் படித்திருக்க வேண்டாம்.

பின்னாலிருந்து பண்ருட்டிப் பெண் ஒருத்தி, “இல்ல சார்” என்றாள். “வேட்டி அவுந்துடும்னு முழங்கையால இடுப்ப அமுக்கிக்கிட்டு வராரு. எங்கப்பாவும் கல்யாணத்துக்குப் போனா இப்படித்தான்.”

வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். அன்றைக்கு அவசரத்தில் பெல்ட் கட்ட மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். விட முடிந்தால் நான் ஏன் நானாக இருக்கப்போகிறேன்?

“வேட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். நோயும் சேந்து இருக்கலாமில்ல?”

“இருக்கலாம் சார். வீடியோவ வெச்சு சொல்ல முடியாது. ஆள வரச் சொல்லுங்க.”

“ஆளு வெளியூரு.”

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள். இரண்டிலும் அதே வாட்ச், அதே அறுந்துபோகப் போகிற பழுப்பு வார். தலையை வெட்டிய எனக்குக் கையை வெட்டத் தோன்றவில்லை.

“ரொம்ப தூரம் இல்லன்னு நெனைக்கிறேன் சார். உக்காருங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வரிசைப்படியே செய்தாள். விரலைத் தட்டச் சொன்னாள். மணிக்கட்டைச் சுழற்றி விறைப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். வராந்தாவில் நடக்க விட்டாள். நர்ஸ்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“இப்போதைக்கு ஒண்ணும் தெரியல சார். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடலாம்.”

இது என் வசனம். எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டு, பேனாவை மூடி, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் கதவு வரை போய்த் திரும்பி வருவார்கள்.

நானும் கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். “ஏம்மா, அப்ப ஒண்ணும் இல்லன்னே வெச்சுக்கலாமா?”

“ஆறு மாசம் கழிச்சு சொல்றேன் சார்.”

கடலூர் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டே வந்தேன்.

“சீட்டு காலியா கெடக்கு, உக்காருங்க சார்” என்றார் கண்டக்டர், இரண்டாம் தடவையாக.