மைக் ஆட்டோவில் ஒரு வார்டு

ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு அறிவிப்பு சொல்லும் வேலையில், சொல்கிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, குரலைத்தான் திட்டுவார்கள்.

குடிநீர், சொத்து வரி, கொசு மருந்து, தெருநாய் ஊசி, மாரியம்மன் பண்டிகை, பள்ளிவாசல் ரத்ததான முகாம், சர்ச் கண் பரிசோதனை, காணாமல் போனவர்கள், செத்துப் போனவர்கள் என்று எங்கள் வார்டில் எது நடந்தாலும் என் தொண்டை வழியாகத்தான் நடக்கும். எந்த வார்டு என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அதே மாநகராட்சி ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். மொட்டை மாடியில் ஏறினால் ஏற்காடு மலை தெரியும் வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் சௌராஷ்டிரம், அடுத்த தெருவில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம், பள்ளிவாசல் பக்கம் உருது, பட்டறைப் பக்கம் இந்தி. எல்லாவற்றுக்கும் நடுவில் தமிழில் நான்.

குடத்தோடும் மனுவோடும் வரிசையில் நின்று கால் கடுத்த உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நீங்கள் வாசலில் நின்று திட்டியபோது ஆட்டோவுக்குள் இருந்தவள் என்ன பாடுபட்டாள் என்பது மட்டும் ஒருவேளை தெரியாமல் இருக்கலாம்.

வராது, வரும்

மேட்டூரிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் எங்கேயோ வழியில் உடைந்துவிட்டது. இரண்டு நாளைக்குக் குடிநீர் வராது என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை கட்டாயம் வரும், பொதுமக்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும் என்று சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னேன். கொலுசுப் பட்டறைக்குப் போகிற பெண்கள் அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் குடம், அண்டா, பக்கெட், தண்ணீர் பிடிக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துக் காத்திருந்தார்கள். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. காற்றும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

சாயங்காலம் அதே தெருவில் நுழைந்து "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பித்தேன். ஆட்டோ ஓட்டுகிற பாபு பாய் பிரேக் போட்டார். எதிரே ரோட்டை அடைத்துக் காலிக் குடங்கள். குடிநீர்ப் பொறியாளருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. "எழுதிக் குடுத்ததத்தாங்கக்கா படிக்கிறேன்" என்றேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் ஒருத்தி, கொலுசுக்குப் பாலிஷ் போட்டுப் போட்டு விரலெல்லாம் கறுத்தவள், ஆட்டோவுக்குள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "வராதுன்னு சொன்னாலும் வர்றதில்ல, வரும்னு சொன்னாலும் வர்றதில்ல. அப்ப நீ எதுக்குத்தான் வர்ற?"

எந்த பாஷையில்

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய குடோன். வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகளை அதில் தங்க வைத்திருந்தார்கள். அதன் பின்சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. புதிதாக வந்திருந்த அதிகாரி பார்த்துப் பயந்துபோய், "உடனே காலி பண்ணச் சொல்லுங்க, இந்தியில சொல்லுங்க" என்றார். எனக்கு இந்தி தெரியாது. பாபு பாய் தனக்குத் தெரிந்த உருதுவில் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு படித்தேன். சுவர் விழப்போகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருபது முகம் கேட்டது. என் உச்சரிப்புக்கு ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவனை அதட்டினான். வெளியே மட்டும் யாரும் வரவில்லை.

அப்புறம்தான் கேட்டைப் பார்த்தோம். வெளிப்பக்கம் பூட்டு. வேறு பட்டறைக்கு ஓடிவிடுவார்கள் என்று வேலை இல்லாத நேரத்தில் பூட்டிவிடுவார்களாம். பாபு பாய் போய் பள்ளிவாசலில் இருந்த ஆட்களையும் கோயில் தெரு ஆட்களையும் கூட்டி வந்தார். கும்பலைக் கண்டதும் வாட்ச்மேன் சாவியைக் கொடுத்தான். அந்த வாரக் கடைசியில் சுவர் விழுந்தது, உள்ளே ஆள் இல்லை. ஆபீசின் துரித நடவடிக்கை என்று பேப்பரில் போட்டார்கள். எனக்கு அதெல்லாம் மனதில் நிற்கவில்லை. பூட்டைத் திறப்பதற்கு முன்னால், மீசை நரைத்த ஒரு தொழிலாளி ஜன்னலிலிருந்து அரைத்தமிழில் சொன்னதுதான் காதில் நிற்கிறது: "அக்கா, நீ சொன்னது எங்களுக்குப் புரிஞ்சுது. பூட்டு போட்ட ஓனருக்கு எந்த பாஷைல சொல்லும்?"

மக்கள் கூட்டம்

வார்டு மக்கள் கூட்டம் என்று ஒன்று உண்டு. பொதுமக்கள் அனைவரும் கலந்துகொண்டு குறைகளைத் தெரிவிக்கலாம் என்று நான் சொல்வேன். யாரும் வர மாட்டார்கள். தூய்மைப் பணியாளர்களையே நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்புவார்கள். அந்த முறை, ஓடைக்கரை வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஓடைக்கரைச் சந்தில் போகும்போது நானாக இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். "வீடு சம்பந்தமாகக் கேள்வி கேட்க விரும்புவோர் தவறாமல் வரவும்" என்றேன். அவ்வளவுதான். சமுதாயக் கூடம் தாங்கவில்லை. குழந்தைகுட்டியோடு வந்துவிட்டார்கள்.

கவுன்சிலர் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் வீட்டுக்காரர் எழுந்து பதில் சொன்னார். கடைசியில் லட்சுமம்மா எழுந்தாள். இதே வார்டில் குப்பை அள்ளுகிறவள், தெலுங்கு பேசுகிற குடும்பம், ஓடைக்கரையில் மூன்றாவது வீடு. "இடிப்பீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தைல சொல்லுங்க சார்" என்றாள். அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார். எல்லோரும் எழுந்து அசையாமல் நின்றோம். பாட்டு முடிந்து பார்த்தால் மேடை காலி.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. அதிகாரி பைலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "கூப்பிடத்தானேம்மா சொன்னேன். வர்ற மாதிரி கூப்பிடச் சொன்னேனா?"

காணவில்லை

இது ஆபீஸ் வேலை இல்லை, தனியார் வேலை. வெண்ணந்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், எங்கள் வார்டில் மகன் வீட்டில் இருந்தவர், காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. மகன் அழுதுகொண்டே வந்தான். எழுபது வயது, மாநிறம், வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட துண்டு, சற்று ஞாபக மறதி உள்ளவர், கண்டவர்கள் தகவல் தரவும். மத்தியானம் வரைக்கும் எல்லாத் தெருவிலும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். பெஞ்சில் கட்டம் போட்ட துண்டோடு ஒருவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "ஐயா, உங்களைத்தான் தேடுறாங்க" என்றேன். "கேட்டுட்டுத்தான் உக்காந்திருக்கறேன் சாமி, காலைல இருந்து மூணு தடவ போனீங்க" என்றார். அதற்குள் பாபு பாய் மகனுக்குப் போன் பண்ணிவிட்டார். மகன் காரில் வந்து, எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, "ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க" என்று அழுதான். பெரியவர் பன்னைப் பாதியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். கார் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டு, மகனுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "எல்லாஞ் சரியாத்தான் சொன்ன சாமி. ஞாபக மறதின்னயே, அதொண்ணுதாம் பொய்யி. எல்லாம் ஞாபகம் இருக்கறதாலதான் ஊட்ட உட்டு வந்தேன்."

ஓடைக்கரை

கடைசியில் உத்தரவு வந்தேவிட்டது. மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்துவிடும், நீர்வழிப் பாதையை மீட்க வேண்டும் என்று ஓடைக்கு எதிர்ப்பக்கத்து நகர்க்காரர்கள் சங்கம் வைத்து மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார்கள். ஓடைக்கரை ஆக்கிரமிப்பாளர்கள் ஒரு வாரத்துக்குள் தாங்களாகவே காலி செய்ய வேண்டும் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். "வேற யாரையாவது அனுப்புங்க சார்" என்றேன். "உங்க குரல்னாதான் நம்புவாங்க" என்றார்கள்.

ஒரு சந்து, இரண்டு பக்கமும் நாற்பது வீடு இருக்கும். ஒரு கோடியில் சின்ன முனியப்பன் கோயில், இன்னொரு கோடியில் ஜெப வீடு, நடுவில் இட்லிக்கடை. நான் நுழையும்போதே எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பண்டிகைக்கும் சாவுக்கும் கேட்ட குரல்தானே. "ஆக்கிரமிப்பாளர்கள்" என்ற வார்த்தை வந்த இடத்தில் இருமினேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி இருமல். ஒலிபெருக்கியில் என் இருமல்தான் ஊருக்குக் கேட்டது. பாபு பாய் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திட்டுவார்கள், கல் எறிவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். லட்சுமம்மா வீட்டுக்குள் போய் ஒரு சொம்போடு வந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "இப்ப தெளிவா சொல்லு. என்னிக்குள்ள போவணும்னு பின்னாடி வூட்டுக்காரங்களுக்குச் சரியா கேக்கலயாம்."

புது வீடு

இடித்த அன்றைக்கு என் வேலை, பொதுமக்கள் அமைதி காக்கவும் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. அமைதியாகத்தான் இருந்தார்கள். சத்தம் போட்டது பொக்லைன் மட்டும்தான். எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, முகவரி மாற்ற முகாம் நடக்கிறது என்று சொல்ல அங்கே போனேன். குரல் கேட்டு நாலாவது மாடியிலிருந்து லட்சுமம்மா இறங்கி வந்தாள். லிப்ட் ஓடவில்லை. முதல் பஸ் வருவதற்குள் வார்டில் ஆஜர் எடுத்து முடித்துவிடுகிறார்கள், அதனால் குப்பை அள்ளும் வேலை போய்விட்டது. ரேஷன் இன்னும் பழைய கடையிலேயே இருக்கிறது, பஸ் மாறிப் போய் அரிசி வாங்கி வர வேண்டும். மகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேதான். "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஓடைல இருந்தப்ப வேலை, ரேஷனு, ஸ்கூலு எல்லாம் எங்களுது, வூடு மட்டும் எங்களுதில்லன்னீங்க. இப்ப வூடு மட்டும்தான் எங்களுது."

வெள்ளம்

இடித்த செங்கல்லும் ஓட்டுத் துண்டும் மண்ணும் ஓடைக்குள்ளேயே கிடந்தன. அள்ளுவதற்கு வேறு டெண்டராம். அடுத்த ஐப்பசியில் பேய்மழை. ஓடை அந்தக் குவியலில் முட்டி, திரும்பி, எதிர்ப்பக்கத்து நகருக்குள் புகுந்துவிட்டது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவும், உணவு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்று சொல்லிக்கொண்டு போனேன். ஆட்டோவின் சக்கரம் பாதி தண்ணீரில்.

நகர்ச் சங்கத்தின் செயலாளர் கேட்டைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடித்த அன்றைக்கு எங்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தவர். அவர் மனைவி காரின் கூரைமேல் மிக்சியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இத்தனை வருஷமா இந்தப் பக்கம் ஒரு சொட்டு வந்ததில்ல" என்றார் செயலாளர். ஓடைக்குள் கிடந்த செங்கல் குவியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களிடம் இல்லாமல் தன்னிடமே சொல்வது போலச் சொன்னார்: "அவங்க இருந்தப்ப அவங்க வீட்டுக்குள்ள போன தண்ணிதான். இப்ப போறதுக்கு வேற வீடு இல்ல, இங்க வந்துருச்சு."

மறுநாள், நிவாரணம் கிடைக்கும் என்று சொல்லச் சொன்னார்கள், அதையும் சொல்லிவிட்டு வந்தேன். ஆபீஸ் பேசுவது ஊருக்குக் கேட்க ஒரு மைக் போதுமாக இருக்கிறது, ஊர் பேசுவது ஆபீசுக்குக் கேட்க என்ன கட்டுவது என்றுதான் இன்னும் யாரும் சொல்லவில்லை.