சொல்லிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்

செவ்வாய்க்கிழமை, மலைமேல் செம்மேட்டில் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் நின்றிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தார். அதைப் பார்த்ததுமே கையிலிருந்த சோதனைக்குழாயைக் கீழே வைத்தேன்.

"பூங்கொடி போயிட்டா கண்ணு" என்றார்.

பூங்கொடி அக்கா என் பெரியப்பாவின் மகள். பல்கலைக்கழக நீச்சல் அணியின் இந்த ஆண்டுத் தலைவி. காய்ச்சல் என்று மலைக்குக் கீழே மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். "இந்த வருசப் போட்டி தொடங்கறதுக்குள்ள எந்திரிச்சிருவேன்" என்று போனில் சிரித்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்தாலே காதில் விசில் அடிக்கிறது. அவரைப் பற்றி மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

பெரியப்பாவின் தோட்டம் எங்கள் மலையில் பைல் நாடு என்ற பகுதியில் இருக்கிறது. மிளகுக்கொடிகளுக்கு நடுவே ஒரு வட்டக் கிணறு. அதில் கன்னிமார் சாமிகள் குடியிருப்பதாகச் சொல்வார்கள். அதனால் யாரும் மேலிருந்து குதிப்பதில்லை. படியிறங்கி, கடைசிப் படியில் காலை நனைத்து, ஒரு கை தண்ணீரை அள்ளிக் கண்களில் ஒற்றி, "வாரேன்" என்று சொன்ன பிறகே நீந்த வேண்டும். காலி எண்ணெய்க் கேனை முதுகில் கட்டிக்கொண்டு அக்கா நீந்தக் கற்றது அங்கேதான். கேனை அவிழ்த்த பிறகும் சொல்லிவிட்டு இறங்கும் பழக்கத்தை விடவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தண்ணியும் ஒரு ஊடுதான் கண்ணு. சொல்லாமக் கொள்ளாம அடுத்தவங்க ஊட்டுக்குள்ள பூந்துருவியா?"

கல்லூரிக்குப் போன முதல் ஆண்டே பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார். போட்டிக் காலம் வந்தால் ஞாயிறுதோறும் எனக்குப் போன் வரும். புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருப்பேன்.

"விடியறதுக்கு முன்னாடி குளத்துல எறக்கி உட்டுர்றாங்க. பல்லு தந்தியடிக்குது. அப்பறம் வகுப்புல உக்காந்தா கண்ணு சொக்குது. சாயங்காலம் மறுபடியும் குளம். முடி செம்பட்டையாப் போச்சு. ரசம் குடிச்சாக்கூடக் குளோரின் வாசந்தான் அடிக்குது, போ!"

தொடர் நீச்சலுக்கு நால்வர். போட்டி நெருங்கினால் நால்வரும் ஒரே அறையில் தூங்குவார்கள், ஒரே தட்டில் கை வைப்பார்கள். ஒருவருக்குச் சளி பிடித்தால் நால்வரும் மிளகுக் கஷாயம் குடிப்பார்கள். மிளகு எங்கள் தோட்டத்து மிளகு. நால்வரில் அக்காவுக்கு நெருக்கமானவர் சேந்தமங்கலம் கடைவீதியைச் சேர்ந்த ரெஹானா அக்கா. நெருக்கம் என்றால், நாள் முழுவதும் சண்டை என்று பொருள்.

சென்ற ஆண்டின் முதல் போட்டியில் அந்த விபரீதம் நடந்தது. பயிற்சியின்போது அக்கா குளக்கரையில் குனிந்து தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குதிக்கும் மேடையில் ஏறுவார். அன்று கரைப் பக்கமே போகவிடாமல் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். விசில் ஊதியதும் மேடையேறிய அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எல்லோரும் சிலைபோல் குனிந்து நிற்க, இவர் மட்டும் தண்ணீரைத் தொட மேடையிலிருந்து கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் நீட்டினார். தொப்பென்று உள்ளே விழுந்தார்.

முன்கூட்டியே குதித்ததாக எழுதி, அணியையே நீக்கிவிட்டார்கள்.

"தண்ணியக் கும்புடறதுக்கா டீம்ல சேந்த, மலைக்காரி? போய்க் கோயில் கட்டுடி!" என்று ரெஹானா அக்கா கத்தினாராம்.

அடுத்த போட்டியில் அக்கா தண்ணீரைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். புறப்படும் ஒலி எழுந்தது, எல்லோரும் பாய்ந்தார்கள். அக்காவின் கால்கள் மட்டும் மேடையிலேயே ஒட்டிக்கொண்டன. பிறகு பாய்ந்து என்ன பயன்? பயிற்சியாளர் மேடம் அவரை மாற்று ஆளாக உட்கார வைத்தார். "இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா டீம்லயே இடமில்ல, பூங்கொடி" என்றார். அகில இந்தியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் மண்டலப் போட்டி பொங்கலுக்குப் பிறகு இருந்தது.

பொங்கல் விடுமுறையில் ரெஹானா அக்கா எங்கள் மலைக்கு வந்தார். கிணற்றடியில் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அக்கா கண்ணில் தண்ணீரை ஒற்றி, "வாரேன்" என்று சொல்லி, மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். அலைகூட எழவில்லை. கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த ரெஹானா அக்காவின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ஏய்! இத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"எதை?"

"மல்லாந்து இப்படி நீந்துவேன்னு!"

"இது நீச்சலா? நான் சும்மா படுத்திருக்கறன்டி."

"மல்லாந்து போறவங்க மேடையில இருந்து குதிக்க மாட்டாங்கடி, கூறுகெட்டவளே! தண்ணிக்குள்ள நின்னுதான் புறப்படணும். நீ அள்ளி ஒத்திக்க, கண்ணுல ஊத்திக்க, எவ கேக்கப் போறா?"

நான்கு வகை நீச்சலையும் நால்வர் ஆளுக்கொன்றாக நீந்தும் தொடர் போட்டி ஒன்று உண்டு. அதில் மல்லாந்து நீந்துபவர்தான் முதலில் புறப்பட வேண்டும். அந்த இடம் ரெஹானா அக்காவுடையது.

"அப்ப நீ?" என்றார் அக்கா.

"நான் குப்புற வாரேன், கடைசியா. உனக்கு வந்த வாழ்வு!"

மேடம் அரைமனதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு தொல்லை இருந்தது. வட்டக் கிணற்றிலேயே மல்லாந்து பழகியதால் அக்காவுக்கு நேராகப் போக வரவில்லை. இடப்பக்கமாக வளைந்து, பாதையைப் பிரிக்கும் கயிற்றில் போய் மோதுவார். ரெஹானா அக்கா தினமும் கரையோடு ஓடி, "நேரா போடி! கயித்துல இடிக்காத!" என்று தொண்டை வறளக் கத்துவாராம். காதுகள் தண்ணீருக்குள் இருப்பவருக்கு அது எங்கே கேட்கும்?

மண்டலப் போட்டிக்குப் பெரியப்பா என்னையும் அழைத்துப் போனார். நாமக்கல்லில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, அவ்வளவு நீலமான தண்ணீரை முதன்முறையாகப் பார்த்தேன். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி, கண்ணாடி. பெரியப்பா தவித்துப் போனார். பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, இதுல எம்புள்ள எதுங்க?" என்று கேட்டார்.

"உங்க புள்ளைய எனக்கு எப்படிங்க தெரியும்?"

விசில் ஊதியது. எட்டுப் பேர் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஏழு பேர் மேடைக்குக் கீழிருந்த கம்பியைப் பிடித்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றினார். உதடு அசைந்தது.

"அதா! அதா எம்புள்ள!" பெரியப்பா பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்.

புறப்பட்டார்கள். அக்கா வில்லிலிருந்து விட்டதுபோல் பின்னோக்கிப் பாய்ந்தார். பாதிக் குளம் வரை முதல் ஆள் அவர்தான்! அப்புறம் அந்த வளைவு. இடத்தோள் கயிற்றை உரசியது. மேடைக்குப் பின்னால் ரெஹானா அக்கா, "நேரா போடி! கயித்துல இடிக்காத!" என்று குதித்தார். விவரம் தெரியாமலே பெரியப்பாவும், "நேரா போ சாமி!" என்றார். நானும் கத்தினேன். என் மடியிலிருந்த புத்தகம் எங்கோ விழுந்தது. அக்கா மறுமுனையைத் தொட்டுத் திரும்பினார். திரும்பி வந்த நீளம் முழுவதும் நூல் பிடித்ததுபோல் நேராக வந்தார். மூன்றாவதாகத் தொட்டார். கடைசியாகப் பாய்ந்த ரெஹானா அக்கா ஒருவரை முந்தினார். இரண்டாமிடம். அகில இந்தியப் போட்டிக்கு அது போதும்! நால்வரும் தண்ணீரிலேயே கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முக்கி எடுத்தார்கள்.

எப்படி நேராக வந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"கெணத்துல வானம் வட்டமா இருக்கும், நானும் வட்டமாப் போவேன். இங்க அது எங்க முடியுதுன்னே தெரியல கண்ணு. மேல ஒரு மேகந்தான் நேரா நின்னுச்சு. அதப் புடிச்சுட்டே வந்தேன்."

அந்த ஈரக் கையால்தான் என் தலையைக் கோதினார். வீடு திரும்பும் வரை என் முடியில் குளோரின் வாசம் இருந்தது. தலை குளிக்க மனமில்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

செய்தி வந்த மறுநாள், புதன்கிழமை காலை அணி முழுவதும் மலையேறி வந்தது. ரெஹானா அக்கா ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அக்காவைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். தூக்கப் போகும் நேரத்தில் பெரியப்பா, "இருங்க" என்றார். சொம்பை எடுத்துக்கொண்டு தனியாகக் கிணற்றில் இறங்கினார். தண்ணீரோடு வந்து, ஒரு கை அள்ளி, மூடியிருந்த அந்தக் கண்களில் ஒற்றினார்.

"உனக்காக நான் சொல்லிட்டேன் சாமி. நீ போ."

தோளில் ஏற்றினார்கள். அக்கா எப்போதும்போல மல்லாந்து, வானத்தைப் பார்த்தபடி மிளகுக்கொடிகளுக்கு நடுவே நகர்ந்தார். ஓரத்தில் நின்றிருந்த ரெஹானா அக்கா திடீரென்று பாடையோடு சேர்ந்து ஓடத் தொடங்கினார். குளக்கரையில் ஓடியது போலவே.

"நேரா போடி" என்றார். "கயித்துல இடிக்காத."