மிஸ்ஸி முன்னால் போட்ட மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதம். கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். எல்லா மாசக்காரிகளுக்கும் இருப்பதுதானே என்று நானும் பெரிதாக எடுக்கவில்லை.

மாதக் கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். போன முறையே குறைவு என்றார்கள், இந்த முறை இன்னும் கீழே போயிருந்தது. எங்கள் பகுதி மிட்வைஃபை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இரத்தத்துக்குக் குடுத்த மாத்திரய நீ போடுறதே இல்ல."

"போடுறேன் மிஸ்ஸி."

"எல்லாரும் இப்புடித்தான் சொல்றாங்க. இப்புடியே போனா இங்கன பெத்துக்க முடியாது. முன்கூட்டியே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் ஏத்தணும். புள்ளையும் சின்னதாத்தான் பொறக்கும், சொல்லிப்புட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போனது. மிஸ்ஸி சந்தேகப்பட்டதில் தப்பும் இல்லை. மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்து, பெறுவது கஷ்டமாகிவிடும் என்று சொல்லி அதைச் சாக்கடைக் கானுக்குள் வீசுகிற பெண்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை. என் மூத்த மகள் எடை குறைவாகப் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். பால் கொடுக்கக்கூட என் கையில் தரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை அப்படி நிற்க எனக்குத் தெம்பில்லை. அதனால் மாத்திரை விஷயத்தில் நான் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால் என் வீட்டுக்காரரும் அதையே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"உண்மையச் சொல்லு புள்ள. நான் அங்கிட்டு திரும்புனதும் துப்பிடுறியா?"

அதுதான் என்னை உடைத்துவிட்டது. இத்தனைக்கும் மாத்திரையை எடுத்துத் தருவதே அவர்தான். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், துணி துவைப்பேன், வாய் மட்டும் திறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் மிஸ்ஸி திடீரென்று எங்கள் லயத்துக்கே ஏறி வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, வாங்க, இருங்க என்று சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"இன்னைக்குப் போட்டுட்டியா?"

"இப்பத்தான் சாப்பிட்டேன் மிஸ்ஸி. இனிதான் போடணும்."

"சரி, எனக்கு முன்னால போடு."

சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் ஒரு வீம்பும் வந்தது. பார்க்கட்டுமே என்று மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஃபேக்டரியில் காலை வேலை முடித்துவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர், வழக்கம்போல டம்ளரை என் கையில் கொடுத்தார். வாயருகே கொண்டு போகிறேன், மிஸ்ஸி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என்ன அது?"

"பால் ஊத்தாத பிளேன்டீங்க மிஸ்ஸி," என்றார் இவர். "தண்ணியில போட்டா இவளுக்குக் கொமட்டுது. அதான் இஞ்சி தட்டிப்போட்டு, நல்லா சாயமா, சூடா..."

"எப்பவும் இதோடதானா?"

"எப்பவும் இதோடதாங்க. நான்தான் ஊத்திக் குடுக்கிறது." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மிஸ்ஸி டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணிச் சாயம் மாத்திரையில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், உடம்பில் சேரவிடாதாம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் கிட்ட தேத்தண்ணியே குடிக்கக் கூடாதாம். அதோடு தந்த புளிப்பு மாத்திரை எங்கே என்று கேட்டார். அந்த விட்டமின் சி மாத்திரையை, மலையில் வாய் கசக்கும்போது சப்புவதற்காக நான் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவேன். அதைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அத மிட்டாய்ன்னா நெனச்ச? இரும்பு ஒடம்புல ஒட்டுறதுக்குத்தான் அத சேத்துக் குடுக்குறது. ரெண்டையும் ஒன்னாப் போடணும், தண்ணியில போடணும்."

மே தின மேடைகளில் தேயிலை எங்கள் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். நாங்களும் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்போம். என் வீட்டில் அது அச்சு அசலாக நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துவிட்டது. இவர் மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நாள் பேசாமல் இருந்த கோபமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிறகுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது.

"மிஸ்ஸி, மூத்தவ வயித்துல இருக்கும்போதும் இப்புடித்தான் போட்டேன். அவ சின்னதாப் பொறந்ததும் இதனாலயா?"

மிஸ்ஸி டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அப்புடி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அதுக்கு எத்தனையோ காரணம் இருக்கும்," என்றார். பிறகு, "அப்பவும் நான்தானே உன்னப் பாத்தேன். போட்டியா போட்டியான்னுதான் கேட்டேன். எப்புடிப் போடுறேன்னு கேக்கல," என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் தாங்க முடியவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வாசனைகூட வரக்கூடாது. குமட்டினால் ஒரு வாய் புளிப்பான தேசிக்காய்த் தண்ணி. அடுத்த கிளினிக்கில் இரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, அதற்கடுத்ததில் நன்றாகவே ஏறியிருந்தது. இரத்தம் ஏற்றும் பேச்சே வரவில்லை. மகன் பிறந்ததும் துடைத்து நேராக என் நெஞ்சின் மேல் படுக்க வைத்தார்கள். கனமாக இருந்தான்.

மிஸ்ஸி அன்றைக்கு என்னை நம்பி வரவில்லை, கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தார். ஆனாலும் வந்தாரே, உட்கார்ந்து பார்த்தாரே, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. மூத்தவள் வகுப்பிலேயே சின்ன உருவம். அவளுக்குத் தலை வாரும்போதெல்லாம், எப்படிப் போடுகிறாய் என்ற அந்த ஒரு கேள்வியை எங்களில் யாராவது அதற்கு நாலு வருடம் முன்பே, இவள் வயிற்றில் இருந்தபோதே கேட்டிருக்கலாமே என்று என் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.