அக்காவின் இன்டர்வியூ

என் அக்கா இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். தயங்காமல் பேசுவது, எதிராளி மனம் கோணாமல் மறுப்பது, ஒரு நிமிஷத்துக்குள் தன்னைப் பற்றிச் சொல்லி முடிப்பது, எல்லாமே அங்கே பாடம். அவளிடம் படித்தவர்கள் அவளை வாய் ஓயாமல் புகழ்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அவள் அதிகம் பேசுவதில்லை.

அக்காவுக்குப் பேச வராத காலம் ஒன்று இருந்தது. நாங்கள் அப்போது கோலார் தங்கச் சுரங்கத்தைச் சேர்ந்த மைசூர் மைன்ஸில், தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் இருந்தோம். சுரங்கத்தை மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா சுரங்கத்தின் அடியில் துளை போடும் வேலை செய்தவர். வேலை போன பிறகும் அது போட்ட தூசு அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. நடுக்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமுவார். லைனில் பல வீடுகளில் அப்படி ஓர் ஆள் இருந்ததால், எல்லா அப்பாக்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், ஓர் ஆபீஸில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புவாள். அப்பாவைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், டாக்டரிடம் கன்னடத்தில் விவரம் சொல்வதும் அக்காவின் பொறுப்பு.

அக்கா பி.காம். முடித்திருந்தாள். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுவாள். ஆனால் ஒருவர் எதிரில் நின்று ஆங்கிலத்தில் பேர் கேட்டால், அவளுக்குப் பேரே மறந்துவிடும். அதனால் அம்மா அவளை ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிட்டாள். கூட்டல் கழித்தல் போல பேச்சையும் படிப்படியாகக் கற்றுவிடலாம் என்று நம்பிய ஒரு மாஸ்டர் அதை நடத்தினார். பேப்பரின் வியாபாரப் பக்கத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பற்றிப் பேச வேண்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் இன்ன வார்த்தை, நன்றி சொன்னால் இன்ன வார்த்தை. 'இஸ்கூல்' என்று சொன்னால் மாஸ்டர் மேஜையைத் தட்டுவாராம்.

எங்கள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி கிடையாது. அதனால் அக்கா எங்கள் முன்னால் பேசிப் பழகினாள். நான் இங்கிலீஷ் மீடியத்தில் நான்காம் வகுப்பு. கேள்விகளை நான்தான் படிப்பேன். சில நாள் கழித்து அந்த வேலையை அப்பா பிடுங்கிக்கொண்டார். இன்டர்வியூ என்றால் பெரிய ஆள் கேட்க வேண்டாமா? சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மேனேஜர் ஆகிவிடுவார்.

"வாட் இஸ் யுவர் குட் நேம்? விச் ஷிஃப்ட் யூ வான்ட்? டே ஷிஃப்டா, நைட் ஷிஃப்டா?"

"அப்பா, அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா!"

"கேப்பாங்கமா. மொதல்ல ஷிஃப்டுதான் கேப்பாங்க. எனுக்குத் தெரியாதா?"

பிறகு 'வாட் இஸ் யுவர் ஃபாதர்?' என்று கேட்பார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, "மை ஃபாதர் வொர்க்டு அண்டர்கிரவுண்ட் இன் தி கோல்டு மைன்" என்பாள். அப்பாவுக்கு அந்த ஒரு வாக்கியம் ரொம்பப் பிடித்துவிட்டது. காது சரியாகக் கேட்காத மேனேஜர் போல "வாட்? வாட்?" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். மூன்றாவது தடவைக்குள் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இன்டர்வியூ கலைந்துபோகும்.

மாஸ்டர் தன் மாணவர்களை ரயிலேற்றி பெங்களூரில் ஒரு கால் சென்டருக்கு அழைத்துப்போனார். அக்கா அன்று நன்றாகவே பேசினாளாம். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். பழகிய வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கிறார். யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான்தான். கேட்டதற்கெல்லாம் பதில் தெரிந்திருந்த சந்தோஷத்தில் அவள் வீடு திரும்பினாள். கூடப் போனவர்களில் பாதிப் பேருக்கு வேலை வந்தது. அவளைவிடத் திக்கித் திக்கிப் பேசியவர்களுக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை.

மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். இதை அக்கா வெகு காலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். "இன்னாமா நீ, கேட்டா எல்லாத்தையும் கொட்டிடறதா? ஊட்ல நோயாளி கீறார்னா, இது அடிக்கடி லீவு போடும்னு அவங்களுக்குத் தோணாதா? கம்யூனிகேஷன்னா நமக்கு இருக்கறதச் சொல்றது இல்ல. அவங்களுக்கு வேண்டியதச் சொல்றது."

அவர் கெட்டவர் இல்லை. தன் மாணவிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினார்.

அடுத்த இன்டர்வியூ ஒரு லீவு நாளில் போனில் வந்தது. வேறொரு கம்பெனி. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அக்கா காலையிலேயே குளித்து, யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் நல்ல சுடிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீடுகளுக்குப் போய் டிவியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். லைன் வீட்டுச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். எல்லாச் சத்தத்தையும் அடக்கிய பிறகு ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அதைப் பற்றி அக்காவும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை.

அப்பாவாகவே எழுந்தார். "நா வெளில குந்திகினு கீறேன். உள்ள ஒரே புழுக்கமா கீது."

மாசி மாதம். புழுக்கமெல்லாம் ஒன்றும் இல்லை.

லைன் முடிகிற இடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீ போய்க் கேளு. இன்னா கேக்கறாங்க, அக்கா இன்னா சொல்லுதுன்னு வந்து சொல்லு. உனுக்குத்தான் இங்கிலீசு புரியுமே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் எங்கே வேண்டுமானாலும் ஓடியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கேட்டேன். அக்கா போனின் ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மறப்பதற்குள் அப்பாவிடம் ஓடினேன்.

"பேரு கேட்டாங்கப்பா. படிப்பு கேட்டாங்க. நைட் ஷிஃப்டு ஓக்கேவான்னு கேட்டாங்க."

"பாத்தியா! சொன்னேன்ல?" அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. "என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"மைன்ல வேலை செஞ்சத சொல்லுச்சா?"

"இல்லப்பா. புதுசா சொன்னா. 'மை ஃபாதர் இஸ் நோ மோர்'னு சொன்னா."

அப்பா என்னைப் பார்த்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று நானே விளக்கினேன். "நோ மோர்னா இனிமே இல்லப்பா. அதாவது நீ இனிமே வேலைக்குப் போறது இல்லன்னு அர்த்தம்."

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஐ ஆம் சாரின்னாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுசங்கதான்" என்றார். பிறகு, "நீ வந்து எனுக்குச் சொன்னேன்னு அக்கா கிட்ட சொல்லாத. நாம கேட்டோம்னு தெரிஞ்சா அதுக்கு வெக்கமாப் பூடும்" என்றார்.

சுரங்கத்தில் பாறை வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டால், கீழே இறங்கும் ஷாஃப்ட் வாசலில் குடும்பங்கள் காத்துக்கிடக்குமாம். கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வரும் அதிகாரி 'நோ மோர்' என்ற அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் சொல்வாராம். ஒரு எழுத்தும் படிக்காத பெண்களுக்கும் அது புரியுமாம். இதை அம்மா சொல்லித் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. அம்மா லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். அக்கா பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி ட்ரெய்னிங் போனாள். எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வேலைக்கு எடுத்த பிறகு, சொன்ன விலாசத்தில் சொன்ன ஆள்கள்தான் இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள்.

ஒரு பகல் நேரம், பள்ளி லீவு, நானும் அப்பாவும் மட்டும் வீட்டில். பைக்கில் ஓர் இளைஞன் வந்தான். கோலார்க்காரன். கன்னடத்தில் பேசினான். அக்கா பேரைச் சொல்லி, அவள் வீடு இதுதானே என்று கேட்டு வாசலைப் போட்டோ எடுத்துக்கொண்டான். பிறகு அப்பாவைப் பார்த்து, நீங்கள் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.

அப்பாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: நான் அவள் பெரியப்பா. என் தம்பி பெண் அவள். தம்பி போய்விட்டான்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் வேஷம் போட்ட அப்பா இப்போது பெரியப்பா வேஷம் போடுகிறார் என்று நினைத்தேன். தம்பி எங்கே போனான் என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த விளையாட்டு எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டும். உள்ளே ஓடி ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து, அந்த ஆள் காதில் நன்றாக விழும்படி, "இந்தா பெரியப்பா, தண்ணி குடி" என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். சொம்பை வாங்கினார். குடிக்கும்போது தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. அந்த இளைஞன் திருப்தியாகக் கும்பிட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

"எப்பிடிப்பா நானு?" என்றேன்.

"நல்லா பேசுனே" என்றார் அப்பா. "அக்காவவிட நல்லா பேசுனே." அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வார லீவில் அக்கா வந்தாள். ஆபீஸில் அவளிடம், எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டில் உங்கள் பெரியப்பாவைப் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குப் பெரியப்பா என்று யாரும் கிடையாது. தோளில் பையோடு வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

"வாம்மா. இன்னா, வேலை கெட்டியாய்டுச்சா?"

அக்கா தலையாட்டினாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"இங்கிலீசுல பேசுமா, கேக்கலாம்" என்றார் அப்பா.

அவள் பையை வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் கிடந்த அவருடைய துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வெகு நேரம் அதையே துவைத்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்ததும் அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.

மழைக்காலம் முடியுமுன் அப்பா இறந்துபோனார். காலையில் எழுந்து டீ கேட்டார். அம்மா டீ கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா மத்தியான ரயிலில் வந்து சேர்ந்தாள். அழுதாள். எடுக்கும் நேரத்தில் அவள் போன் அடித்தது. முதலில் எடுக்கவில்லை. விடாமல் அடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பறை அடிப்பவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர்கள் நிறுத்தினார்கள். லைனே அமைதியானது. அக்கா பேச ஆரம்பித்தாள். எனக்கு இன்றும் ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. இல்லை சார், என் அப்பா இல்லை, பெரியப்பா. ஆமாம், நெருங்கிய உறவுக்கு மட்டும்தான் லீவு என்பது எனக்குத் தெரியும். புரிந்துகொண்டதற்கு நன்றி சார். நாளை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன். எல்லாம் ஆங்கிலத்தில். ஓர் இடத்திலும் திக்கவில்லை. குரல் உடையவில்லை.

லைன் ஜனம் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "நம்ம பொண்ணு எப்பிடிப் பேசுது பாரு" என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அப்பாவைப் பெரியப்பா என்று அக்கா தப்பாகச் சொல்வது எனக்குப் புரிந்தது. அழுத குழப்பத்தில் சொல்லிவிட்டாள், பிறகு திருத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அது போகட்டும், எவ்வளவு பளிச்சென்று பேசுகிறாள்! நானும் பெரியவளாகி இப்படிப் பேச வேண்டும் என்று அந்த இடத்திலேயே, பூவெல்லாம் கட்டித் தயாராக இருந்த பாடைக்குப் பக்கத்தில் நின்று, சாமியை வேண்டிக்கொண்டேன்.